முழுவேக ஓட்டத்திற்குக் கால்பந்து வீரரை ஆயத்தப்படுத்தும் முறை

உயர்மட்டக் கால்பந்தில் ஒரு வீரர் ஓர் ஆட்டத்தில் பொதுவாக 10 முதல் 13 கிலோமீட்டர் வரை ஓடினாலும், அவரது உடலை உண்மையில் சோதிப்பது அந்த மொத்தத் தொலைவன்று. அதற்குள் சிறு பங்காக அடங்கியிருக்கும் வேக ஓட்டமும், அவ்வேகத்தை எட்டவும் அடக்கவும் தசைகள் படும் பாடுமே ஆகும். இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 2006-07 முதல் 2012-13 வரையிலான ஆட்டங்களை ஆராய்ந்தபோது, மொத்தத் தொலைவு ஏறத்தாழ 2 சதவீதமே கூடியிருக்க, உயர்தீவிர ஓட்டத்தின் தொலைவு 30 சதவீத அளவுக்குப் பெருகியிருந்தது. ஆகவே, மொத்தக் கிலோமீட்டரை அடிப்படையாகக் கொண்டு பயிற்சித் திட்டம் வகுப்பது தவறு.

முதற்படி அளவீடு. மணிக்கு 19.8 கிலோமீட்டருக்கு மேற்பட்டதை உயர்வேக ஓட்டமென்றும், 25.2 கிலோமீட்டருக்கு மேற்பட்டதை முழுவேக ஓட்டமென்றும் கொள்வது ஆய்வாளரிடையே பரவலான வழக்கம். ஜிபிஎஸ் கருவி காட்டும் இவ்வளவுகளை ஆடும் இடத்திற்கேற்பப் பிரித்துக் குறிக்க வேண்டும். ஓரங்களில் ஆடுபவரின் தேவை நடுத்தடுப்பாட்டக்காரரின் தேவையைவிட மிகுதி.

அடுத்தது தாங்குதிறன். சில நொடி வேகத்திற்கு ஆற்றல் தரும் பாஸ்போகிரியேட்டின் என்னும் தசைச் சேமிப்பு, ஓட்டங்களுக்கிடையே ஆக்சிஜனின் துணையால்தான் மீண்டும் நிரம்புகிறது என்பதால், உச்ச இதயத்துடிப்பில் 90 முதல் 95 சதவீதத்தில் நான்கு நிமிட ஓட்டத்தை நான்கு முறை, இடையிடையே மூன்று நிமிட மெல்லோட்டத்துடன் செய்விக்கலாம்.

மூன்றாவதாக, வேகத்தை அடக்கும் பயிற்சி. திடீரென நிற்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே விசையைத் தாங்குகிறது. அடுத்தநாள் வலிக்கும் தசைச்சேதம் பெரும்பாலும் இதன் விளைவே. சிறிய ஆடுகளத்தில் நால்வருக்கு நால்வர் ஆடும் ஆட்டம் இத்திறனை நன்கு வளர்க்கும்.

ஆயினும், அச்சிறிய களத்தில் எவரும் தம் உச்ச வேகத்தை எட்ட இடமில்லை என்பதைப் பயிற்றுநர் பலர் கவனிப்பதில்லை. முன்வீசிய கால் தரையைத் தொடுமுன் பின்தொடைத் தசை மிகுந்த இழுவிசைக்கு உள்ளாகிறது. பயிற்சியில் அதைச் சந்தித்திராத தசையே ஆட்டத்தில் கிழிய வாய்ப்பு மிகுதி. எனவே, முறையான உடற்சூட்டிற்குப் பின், 30 முதல் 40 மீட்டர் வரையிலான சில ஓட்டங்களை வீரர் தம் உச்ச வேகத்தை நெருங்கி ஓடுமாறு வாரந்தோறும் அமைத்தல் இன்றியமையாதது. அதனுடன், துணைவர் கணுக்கால்களைப் பிடித்திருக்க, மண்டியிட்ட நிலையிலிருந்து உடலை நேராக வைத்து மெல்ல முன்னோக்கிச் சாயும் நார்டிக் பயிற்சியும் சேர வேண்டும். இதை ஒழுங்காகச் செய்த அணிகளில் பின்தொடைக் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இறுதியாக, இவற்றை வாரத்தில் இடமறிந்து வைக்க வேண்டும். ஆட்டத்திற்குப் பின் தசை தேற 48 முதல் 72 மணிநேரம் ஆகலாம் என்பதால், ஞாயிறு ஆட்டமாயின் முழுவேக ஓட்டத்தைப் புதன் அல்லது வியாழனில் வைத்து, சனியன்று சுமையை வெகுவாகக் குறைப்பது தகும். ஆட்டத்தில் இறங்காத மாற்று வீரர்களுக்கு அந்த வேக ஓட்டம் கிடைக்காமல் போவதால், ஆட்டம் முடிந்தவுடனோ மறுநாளோ அதை ஈடுசெய்யும் ஓட்டங்களை அவர்களுக்கெனத் தனியே ஒதுக்க வேண்டும்.