பண்பொழி மலையும் தென்காசிக் கோபுரமும்: நம்புவதும் கல் சொல்வதும்

"பழைய கோயில் பார்க்கணும்னா தஞ்சாவூர், மதுரைன்னு போகணும்டா. தென்காசிப் பக்கம் அருவியும் புரோட்டாவும்தான்." சனி, ஞாயிறுக்குத் திட்டம் போடும் நண்பர் கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். சீசனில் பொதிகை எக்ஸ்பிரஸ் பிடித்து வந்து, அருவியில் தலையைக் கொடுத்து, பிரானூர் பார்டரில் சாப்பிட்டுவிட்டு அதே ரயிலில் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் கவனிக்காமல் விட்டுப்போகும் ஒரு மணி நேரப் பயணத் தொலைவுக்குள் முற்காலப் பாண்டியர் குடைவரை இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம் இருக்கிறது. பாண்டியர் மரபு கடைசியாகக் காலூன்றிய ஊர் இருக்கிறது. பண்பொழியில் மலைமேல் முருகன் இருக்கிறான். கோயில் பார்க்கவென்றே இரண்டு நாள் ஒதுக்கி வரலாம். அப்படி வருகிறவர்களின் காதில் விழும் கதைகளில் பல, உண்மையைவிடச் சிறியவை. அதனால்தான் அவற்றைத் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் கதை தென்காசி காசி விசுவநாதர் கோயில் வாசலிலேயே கிடைக்கும். அண்ணாந்து பார்க்கிறவர்கள், "ஆயிரக்கணக்கான வருஷமா இப்படியே நிக்குது" என்கிறார்கள். கோயில் தொடங்கியது 1446-இல். கட்டியவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். கோபுரத்தை அவன் தொடங்க, தம்பி குலசேகர பாண்டியன் முடித்தான். 1924-இல் அது சிதைந்துபோய், பல பத்தாண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. இன்று நாம் பார்க்கும், ஏறத்தாழ 180 அடி உயர ஒன்பது நிலைக் கோபுரம் 1990-இல் குடமுழுக்குக் கண்டது. அடியில் உள்ள கல்வேலைதான் பழையது. மேலே இருக்கும் நிலைகளும் சுதைகளும் நம் பெற்றோர் காலத்தவை.

இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பராக்கிரம பாண்டியன் இந்தக் கோயிலில் வெட்டிவைத்த தமிழ்ப் பாட்டுக் கல்வெட்டுகள் தமிழக அரசர் எவரும் விட்டுச்சென்றவற்றில் மிக அரியவை. இந்தக் கோயிலைக் கட்டியது தன் திறமையல்ல, இறைவனின் அருள் என்கிறான். பிற்காலத்தில் இது பழுதுபட்டால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராயினும் அவர் காலில் தானும் தன்னைச் சேர்ந்தவர்களும் விழுந்து வணங்குவதாகச் சொல்கிறான். ஆணையிடப் பழகிய அரசன், இன்னும் பிறக்காத யாரோ ஒருவரைக் கும்பிடுகிறான்! தான் கட்டியது அழியாது என்று அவன் நம்பவில்லை. அழியும் என்று தெரிந்தே எழுதினான். 1924-க்கும் 1990-க்கும் இடையில் நடந்ததைச் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் கல்வெட்டு முழுதாகப் புரியும். "எப்போதும் இப்படியே இருந்தது" என்று சொல்லிவிட்டால், கும்பிட்டவனும் காணாமல் போகிறான், கும்பிடப்பட்டவர்களும் காணாமல் போகிறார்கள்.

அடுத்தது, "இது காசிக் கோயிலோட நகல்தானே?" என்ற கேள்வி. காசிக்குப் போக முடியாதவர்களுக்காகத் தெற்கே ஒரு காசி என்ற எண்ணம் உண்மைதான். கட்டடத்தின் வயதைப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. காசியில் விசுவநாதர் ஆலயம் 1669-இல் ஔரங்கசீப்பின் ஆணையால் இடிக்கப்பட்டது. இப்போது அங்கே இருப்பது அகல்யாபாய் ஓல்கர் 1780-இல் எழுப்பியது. ஆக, தென்காசியின் கருங்கல் காசியில் இன்று நிற்கும் சன்னிதியைவிட முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. எறும்பு வரிசையைத் தொடர்ந்து போய்ச் செண்பக வனத்தில் மன்னன் லிங்கத்தைக் கண்டான் என்று இங்கே ஒரு கதை உண்டு. காசியிலிருந்து அவன் கொண்டுவந்த லிங்கம் வழியில் நின்றுபோனதால்தான் சிவகாசி உண்டானது என்று அங்கே ஒரு கதை. இரண்டும் ஊர் ஊராக அன்போடு காக்கப்படுகிற கதைகள். வரலாற்றுக்குக் கல்வெட்டைக் கேட்க வேண்டும்.

பள்ளிக்கூடப் பாடம் நமக்குள் விதைத்த இன்னொரு நம்பிக்கை, 1311-இல் மாலிக் கபூர் மதுரைக்குள் நுழைந்ததோடு பாண்டியர் கதை முடிந்தது என்பது. மதுரை கைவிட்டுப்போனது மெய். ஆனால் மரபு அறுந்துவிடவில்லை. தெற்கே நகர்ந்து, தென்காசியை மையமாகக் கொண்டு, முதலில் விசயநகரத்துக்கும் பிறகு நாயக்கருக்கும் கட்டுப்பட்ட சிற்றரசாக 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஆண்டார்கள். 'நைடதம்' பாடிய, நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்த 'வெற்றிவேற்கை' பாடிய அதிவீரராம பாண்டியர் 16-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து ஆண்டவர். போரில் தோற்ற குலம் தமிழில் தோற்கவில்லை என்பதற்கு இந்த ஊரே சாட்சி.

கோபுர வாசலில் சேலை முந்தானையும் வேட்டியும் பறக்கும் அளவுக்கு வீசும் காற்றைப் பற்றியும் பல பேச்சு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டையில் கணவாயாகத் தாழ்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாக இந்தச் சமவெளியில் பாய்கிறது. உயர்ந்த வாயிலின் இடுக்கில் நுழையும்போது அதன் வேகம் கூடுகிறது. குற்றாலத்துச் சாரலைத் தருவதும் இதே கணவாய்தான்.

குற்றாலத்துக்கு வந்தால், அருவிக்குப் பக்கத்திலேயே இருக்கும் குற்றாலநாதர் கோயிலை "குளிக்க வந்த கூட்டத்துக்காகப் பிற்பாடு கட்டினது" என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 7-ஆம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் இத்தலத்துக்கு ஒரு பதிகமும் இங்குள்ள குறும்பலாவுக்குத் தனியாக ஒரு பதிகமும் பாடியிருக்கிறார். திருமால் கோயிலாக இருந்த இடத்தில் அகத்தியர் திருமாலின் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்ற கதையை வரலாறாகவே சொல்கிறவர்களும் உண்டு. அது தலபுராணத்தில் வரும் கதை. குற்றாலத் தலபுராணத்தைப் பாடியவர் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சம்பந்தர் சிவத்தலமாகத்தான் பாடியிருக்கிறார். புராணத்தைப் புராணமாகவே வணங்கலாம், அதில் யாருக்கும் குறையில்லை. அதை வைத்து இது யார் கோயில் என்று வழக்காடுவதுதான் தவறு.

அதே கவிராயர்தான் குற்றாலக் குறவஞ்சியும் பாடினார். மலைவாசிகளின் பழம்பாட்டு என்று பலர் எண்ணும் அந்த நூல், மதுரை முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அதைக் கேட்டு மகிழ்ந்த நாயக்கர் கவிராயருக்குக் கொடுத்த நிலம் குறவஞ்சி மேடு.

குற்றாலத்தில் நண்பர்கள் அதிகம் தவறவிடுவது சித்திர சபையை. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று என்று கேள்விப்பட்டு, குற்றாலநாதர் கோயிலுக்குள்ளேயே தேடிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது சற்றுத் தள்ளி, முன்னால் தெப்பக்குளத்தோடு தனிக் கட்டடமாக இருக்கிறது. மற்ற நான்கு சபைகளிலும் சிலையாக ஆடுகிறவர் இங்கே ஓவியமாக ஆடுகிறார். சுவர் முழுக்க வரையப்பட்ட காட்சிகள் "ஆயிரம் வருஷத்துப் படம்" அல்ல, பிற்காலத்தவை. இருந்தாலும் நின்று பார்த்தால் அரை நாள் போதாது.

அருவியைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். "இங்க மழையே இல்ல, வெள்ளம் எப்படி வரும்?" என்ற நம்பிக்கை உயிரைக் குடிக்கும். மழை பெய்வது மேலே, நம் கண்ணுக்கு எட்டாத காட்டில். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். காவலர் விசில் அடித்தால் அந்த நொடியே வெளியேறுங்கள்.

செங்கோட்டையைத் தாண்டிப் புளியறைக்குப் போகிறவர்களிடம், அந்நியப் படையெடுப்புக்கு அஞ்சித் தில்லை நடராசரைக் கொண்டுவந்து ஒளித்துவைத்தது இங்கேயிருந்த புளியமரப் பொந்தில்தான் என்று சொல்வார்கள். நடராசர் சிதம்பரத்தை விட்டு வெளியே இருந்தது நடந்த நிகழ்ச்சிதான், 1648 முதல் 1686 வரை. ஆனால் அதைப் பற்றிய செப்பேடுகள் சொல்லும் ஊர்கள் குடுமியான்மலையும் மதுரையும். ஏறத்தாழ முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரு மூர்த்தியைப் பொத்திப் பாதுகாத்து மீண்டும் கொண்டுசேர்த்த மனிதர்களின் பொறுமை, எந்தப் பொந்துக் கதையையும்விடப் பெரியது.

இனிப் பண்பொழி. "இது எப்பவும் திருநெல்வேலிச் சீமைதானே" என்று கேட்கிறவர்களுக்குப் பிரானூரில் சாப்பிட்ட கடைகளின் பெயரையே நினைவுபடுத்த வேண்டும். கேரள எல்லை இன்று புளியறைக்கு அப்பால் இருக்க, பிரானூருக்கு ஏன் பார்டர் என்று பெயர்? 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி) அங்கேதான் தொடங்கியது. அதுவரை, தென்காசிக் கோயிலைப் பார்த்துவிட்டுச் செங்கோட்டை வழியே பண்பொழி போனவர்கள் திருவிதாங்கூர் எல்லையைக் கடந்து போனார்கள். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். பண்பொழி மலைமேல் இருக்கும் திருமலைக் கோயிலின் தலக்கதையில் கேரளத்துப் பந்தள மன்னர் வருவது இந்தப் பின்னணியில் வியப்பாக இராது. மேற்கே மலைக்கு அந்தப்பக்கமும் கிழக்கே இந்தப்பக்கமும் ஒரே பக்தி வட்டமாக இருந்த ஊர் இது.

மலைமேல் குமாரசாமி. அறுபடை வீடுகளில் ஒன்று என்று நண்பர்களுக்கு அறிமுகம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆறில் இது இல்லை. பெருமைக்கு அந்தப் பட்டியலும் இந்த மலைக்குத் தேவையில்லை. பூவன் பட்டர் கனவில் முருகன் தோன்றி இடம் காட்ட, தோண்டியபோது கடப்பாரை பட்டு விக்கிரகத்தின் மூக்கில் தழும்பு விழுந்தது என்பது தலக்கதை. அதனால் இந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு மூக்கன், மூக்கம்மாள் என்று பெயர் வைத்தார்கள். ஊனம்பட்ட விக்கிரகத்தை வழிபடக் கூடாது என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்லும் விதி, இங்கே பாசத்தின் முன்னால் நிற்கவில்லை.

பெரிய கோயில் என்றால் ராசாக்கள் கட்டியது என்ற நம்பிக்கையும் இந்த மலையில் உடைகிறது. அச்சன்புதூர்ப் பக்கத்துச் சிவகாமி அம்மையார், பிள்ளை இல்லாதவர், முருகனையே பிள்ளையாக எண்ணி மலைமேல் மண்டபம் எழுப்பினார் என்று ஊர் நினைவில் வைத்திருக்கிறது. இழுத்துக்கொண்டிருந்த கல்தூண் கயிறு அறுந்து உருண்டபோது தன் தலையைக் கொடுத்து நிறுத்தினார் என்பது பக்தியின் கூற்று. கல்தூண்களை இவ்வளவு செங்குத்தான மலையில் ஆட்களை வைத்து ஏற்றியது உழைப்பின் கூற்று. இன்று வண்டிப் பாதை வந்துவிட்டது. வயதானவர்களை அழைத்துவர முடியாது என்ற பேச்சு இனி பொருந்தாது. ஆனாலும் முடிந்தவர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அந்தப் படிகளில் ஒருமுறை ஏற வேண்டும். ஒவ்வொரு தூணும் இந்த வழியாக எப்படி வந்திருக்கும் என்று கால் சொல்லும். 'திருமலை முருகன் பள்ளு' என்று உழவர் வாழ்க்கையைப் பாடும் நூல் இந்த மலை முருகன்மேல் பிறந்ததும், உச்சியிலிருந்து கீழே விரியும் வயலைப் பார்த்தால் இயல்பாகத் தோன்றும்.

பெயரால் வரும் ஒரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். திருமலை பார்த்தாயிற்று, அதனால் திருமலாபுரமும் பார்த்தாயிற்று என்று எண்ணிவிடுகிறார்கள். திருமலாபுரம் வேறு. சேர்ந்தமரம் பக்கத்தில் இருக்கும் பாறைக்குன்றில் முற்காலப் பாண்டியர் குடைந்த கோயில் அது. கோபுரம் இல்லை, தேரோட்டம் இல்லை, கூட்டம் இல்லை. "பழைய கோயில்" என்றதும் நம் கண் வானத்தில் கோபுரத்தைத் தேடுவதால் இதைத் தாண்டிப் போய்விடுகிறோம். தென்காசிக் கோயிலைவிட இது அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. உள்ளே ஆடும் சிவன், திருமால், பிரமன், பிள்ளையார் சிற்பங்கள். விதானத்திலும் தூண்களிலும் சித்தன்னவாசலோடு சேர்த்துப் பேசப்படும் பாண்டியர் கால ஓவியத்தின் மிச்சங்கள். அவற்றை 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகறியச் செய்தவர் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய். தாமரையும் அன்னமும் பூதகணங்களும் இருந்த இடத்தில் இப்போது பெரும்பாலும் கறையும் கோடும்தான் தெரிகின்றன. புகையும் ஈரமும் மனிதக் கையும் சேர்ந்து அழித்தவை அவை.

ஊர்க் கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி, மாலை நான்கு மணிவாக்கில்தான் திறக்கும். அந்த இடைவெளியில் அறையில் படுத்துத் தூங்காமல் திருமலாபுரத்துக்கு வண்டியை விடுங்கள். செல்போன் பிளாஷை அணைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழகச் சிறிது நேரம் கொடுத்துப் பிறகு விதானத்தைப் பாருங்கள். சுவரில் சாயாதீர்கள், ஓவியத்தைத் தொடாதீர்கள். கூட வந்தவன் பெயர் எழுதக் கையை நீட்டினால் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.