நம் கழுத்துக்குள் ஏழு எலும்புகள்

படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. தலையை நல்லா குனிஞ்சு, பின்கழுத்தின் அடியில் விரலால் தடவிப் பாருங்க. முண்டு மாதிரி ஒண்ணு தட்டுப்படுதா? பெரும்பாலும் அதுதான் ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. அதற்கு மேலே இன்னும் ஆறு உள்ளன.

ஒட்டகச்சிவிங்கிக்கு எத்தனை இருக்கும்? எழுபதாவது இருக்கும்னு நினைச்சேன். அதற்கும் 7 தான்! ஒவ்வொன்றும் ரொம்ப நீளம், அவ்வளவுதான். எலிக்கும் 7 தான்.

முதல் எலும்பு: பெயர் அட்லஸ். வளையம் போல இருக்கும். கிரேக்கக் கதையில் வானத்தைத் தாங்கியவன் பெயர் அட்லஸ். இது நம் மண்டையோட்டைத் தாங்குகிறது. "ஆமா"ன்னு தலையாட்டுவது இங்கேதான் அதிகம் நடக்கிறது.

இரண்டாம் எலும்பு: பெயர் ஆக்ஸிஸ். இதில் பல் மாதிரி ஒரு முளை மேல்நோக்கி நிற்கும். திருகையில் மேல்கல் முளையைச் சுற்றுகிற மாதிரி, அட்லஸ் இந்த முளையைச் சுற்றித் திரும்பும். "இல்லை"ன்னு தலையாட்டும்போது பாதித் திருப்பம் இங்கேதான்.

3 முதல் 6 வரை: இவை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். இரண்டாம் எலும்பிலிருந்து கீழே, ஒவ்வொரு இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை போல டிஸ்க் உண்டு.

இந்த எலும்புகளின் நடுத்துளை வழியாகத்தான் தண்டுவடம் இறங்குகிறது. மூச்சு விட உதவும் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் கழுத்திலிருந்தே கிளம்புகிறது. பக்கத் துளைகள் வழியாக இரண்டு ரத்தக்குழாய்கள் மூளைக்கு ஏறுகின்றன. அதனால் கழுத்தில் அடி பட்டால் கை, கால், மூச்சு எல்லாமே பாதிக்கலாம்.

எஸ். ராமகிருஷ்ணன் என்பவர் பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். 1975ல் பெங்களூரில் கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போனபோது விழுந்து கழுத்தில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. 1981ல் தென்காசி பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை செய்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரையே அதற்கு வைத்தார். 2020ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

எங்க தாத்தா முடி வெட்டப் போனால், கடைசியில் கழுத்தை 'டக்'குனு நெட்டி எடுக்கச் சொல்வார். அப்படித் திருகும்போது எப்போதாவது அந்த ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். படம் வரைஞ்சு காட்டினேன். முதலில் சிரிச்சார். போன தடவை, "கழுத்து வேணாம்ப்பா, தோளை மட்டும் பிடிச்சு விடு"ன்னு சொன்னாராம்!

நாம் செய்ய வேண்டியவை:

1. விளையாட்டுக்குக்கூட யார் கழுத்தையும் திருகாதீங்க.

2. வண்டியில் உட்காரும்போது துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக்கோங்க. சக்கரத்தில் சிக்கினால் கழுத்தை இழுத்துவிடும்.

3. மாடியிலிருந்தோ வண்டியிலிருந்தோ ஒருத்தர் விழுந்தால் நாம என்ன செய்வோம்? உடனே தலையைத் தூக்கித் தண்ணி கொடுப்போம். அது தப்பு! உடைந்த எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை நசுக்கிவிடலாம். அந்த இடத்தில் வேறு ஆபத்து இல்லையென்றால் தலையை அசைக்காமல் இருபுறமும் கையால் பிடித்துக்கொண்டு, 108க்குப் போன் பண்ணச் சொல்லுங்க.

ஏழு எலும்புதான். ஆனா, மொத்த உடம்பும் அதை நம்பித்தான் இருக்கு.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி