காண்போர் கடமை

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே, வயல்களும் ஏரிகளும் சூழ்ந்த நாட்டுப்புறத்தில் உத்திரமேரூர் என்னும் தொன்மையான ஊர் அமைந்துள்ளது. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலின் கற்சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் காலத்துக் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த இரண்டு, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை விரிவாக எடுத்துரைக்கின்றன.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. இளையோரும் முதியோருமாகச் சபையார் கூடியிருக்க, முதியவர் ஒருவர் எழுந்து, எல்லாரும் காணும்படி அக்குடத்தை உயர்த்திக் காட்டினார். எழுதியிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதனை வாங்கும் மத்தியஸ்தர் தம் ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்றுக்கொண்டார். கைக்குள் வேறோர் ஓலை மறைந்திருக்கவில்லை என்பதை யாவரும் காணவேண்டும் என்பதே இதன் நோக்கம்.

அச்சபையில் எல்லா மக்களும் இடம்பெறவில்லை என்பது உண்மையே. நிலமும் வேதக் கல்வியும் உடைய சிலருக்கே அந்நாளில் அவ்வுரிமை இருந்தது. ஆயினும், நேர்மையான செயல் பலர் கண்முன் நடைபெறவேண்டும் என்னும் கருத்தை அம்முறை தெளிவாகக் காட்டுகிறது. கூடியிருந்தோர் ஓலையை எடுக்கவில்லை, பெயரைப் படிக்கவில்லை. அவர்கள் செய்தது ஒன்றே: கண்டார்கள். அவர்கள் கண்டதனால் செயல் தூய்மை பெற்றது.

இவ்வுண்மை விளையாட்டுக் களத்திற்கும் பொருந்தும். சிறப்பாக, புல்தரையில் நடைபெறும் சிறிய டென்னிஸ் பந்தயங்களைக் காணச் செல்வோர் இதனை நன்கு உணர்வர்.

டென்னிஸ் ஆட்டம் இன்றைய வடிவில் இங்கிலாந்து நாட்டில் தோன்றியது. வால்ட்டர் விங்ஃபீல்டு என்னும் படைத்துறையினர் 1874-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1830-இல், எட்வின் பட்டிங் என்பவர் புல்லை ஒரே அளவாக வெட்டும் பொறியைக் கண்டுபிடித்திருந்தார். பாய் விரித்தாற்போன்ற புல்தரை அமைந்த பின்னரே அதன்மேல் பந்தாடுவது எளிதாயிற்று. 1877-ஆம் ஆண்டில் விம்பிள்டன் என்னும் இடத்தில் முதற் பந்தயம் நடைபெற்றது. அதில் 22 பேர் கலந்துகொண்டனர். இறுதி ஆட்டத்தைக் காண வந்தோர் ஏறத்தாழ 200 பேரே. ஒவ்வொருவரும் ஒரு ஷில்லிங் கட்டணம் செலுத்தினர். இன்று உலகமே நோக்கும் விம்பிள்டன், அன்று ஒரு சிறிய பந்தயமாகவே தொடங்கியது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

ஆடுகளம் 78 அடி நீளமுடையது. ஒருவரோடு ஒருவர் ஆடும்போது அதன் அகலம் 27 அடி. இருவர் இருவராக ஆடும்போது 36 அடி. நடுவே கட்டிய வலை மையத்தில் மூன்றடி உயரம் உடையது. இவ்வளவுகள் எல்லாத் தரைகளுக்கும் பொது. ஆனால் தரை மாறினால் ஆட்டமும் மாறும். புல்லின்மேல் விழும் பந்து அதிகம் உராய்வதில்லை. ஆதலால் வேகம் குன்றாமல் வழுக்கிச் செல்கிறது. மண் மென்மையாக இருப்பதால் உயர எழுவதுமில்லை. எனவே புல்தரையில் ஆடுபவன் முழங்காலை நன்கு மடக்கிக் குனியவேண்டும். நொடிப்பொழுதில் முடிவு செய்யவேண்டும். காலைப் பனி உலர்வதற்குமுன் ஆடினால் கால் வழுக்கும். சிறு தூறல் விழுந்தாலும் ஆட்டம் நிறுத்தப்படும்.

புல்தரையைப் பேணுவது எளிதன்று. நாள்தோறும் நீர் பாய்ச்சவேண்டும், வெட்டவேண்டும், உருளையால் அழுத்தவேண்டும், தேய்ந்த இடத்திற்கு ஓய்வு தரவேண்டும். விம்பிள்டன் களத்தில் புல்லின் உயரம் 8 மில்லிமீட்டர் அளவில் காக்கப்படுகிறது. இத்தகைய உழைப்பும் செலவும் பெரிதாகையால் புல்தரைகள் குறைந்துவந்தன. 1974-ஆம் ஆண்டுவரை உலகின் நான்கு பெரும் பந்தயங்களுள் மூன்று புல்லின்மேல் நடைபெற்றன. அவ்வாண்டிற்குப் பிறகு அமெரிக்காவும், 1987-க்குப் பிறகு ஆஸ்திரேலியாவும் புல்லைக் கைவிட்டன. சென்னையில் 1997 முதல் 2017 வரை நடைபெற்ற பன்னாட்டுப் பந்தயமும் கடினத் தரையிலேயே ஆடப்பட்டது. இந்தியாவில் கொல்கத்தாவின் சவுத் கிளப், தில்லியின் ஜிம்கானா கிளப் போன்ற சில இடங்களே புல்தரையைப் போற்றி வந்துள்ளன. 1920-இல் நிறுவப்பெற்ற சவுத் கிளப்பில் 2019-ஆம் ஆண்டிலும், தில்லி ஜிம்கானாவில் 2022-ஆம் ஆண்டிலும் டேவிஸ் கோப்பைப் போட்டிகள் புல்லின்மேல் நடைபெற்றன.

பெரிய அரங்கில் பதினாயிரம் பேருள் ஒருவராக அமர்வோர் ஆட்டத்தைத் தொலைவிலிருந்தே காண்கின்றனர். சிறிய பந்தயத்தின் இயல்பு வேறு. அங்கே களத்திற்கும் காண்போருக்கும் இடையே சில அடித் தொலைவே இருக்கும். மட்டையில் பந்து படும் ஓசை, ஆடுபவன் மூச்செறியும் ஒலி, தன் தவற்றுக்குத் தானே நொந்து முணுமுணுக்கும் சொல் ஆகிய அனைத்தும் செவியில் விழும். புதிதாகக் காண வந்தவன் பந்தையே பின்பற்றித் தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருப்பான். பழகியவனோ ஒருவனுடைய பாதங்களையே சிறிதுநேரம் நோக்குவான். பந்து வருமுன்பே அப்பாதங்கள் எவ்வாறு சிறுசிறு அடிகள் வைத்து ஆயத்தமாகின்றன என்பதைக் கண்டால், கலையின் பாதி விளங்கிவிடும்.

தரையும் ஒரு நூல் போன்றது. படிக்கத் தெரிந்தவனுக்கு அது கதை சொல்லும். பந்தயத்தின் முதல் நாளில் களம் முழுவதும் பசுமையாக இருக்கும். நாட்கள் செல்லச்செல்லப் பின்கோட்டை ஒட்டிய புல் தேய்ந்து மண் தெரியும். முற்காலத்தில் ஆட்டக்காரர் முதற்பந்தை அடித்தவுடன் வலையை நோக்கி ஓடிவருவர். ஆதலால் பின்கோட்டிலிருந்து வலைவரை புல் தேய்ந்து வழியாகிவிடும். இக்காலத்தார் பெரும்பாலும் பின்கோட்டிலேயே நின்று ஆடுவதால், அங்கு மட்டுமே புல் தேய்கிறது.

இத்தகைய சிறிய களங்களில் தோன்றி, பெரும்புகழ் எய்தியோர் பலர். தமிழகத்தின் இராமநாதன் கிருஷ்ணன் 1937-ஆம் ஆண்டில் நாகர்கோவிலில் பிறந்தார். அவர் தந்தை டி. கே. இராமநாதனே அவருக்கு ஆசிரியர். 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்ற கிருஷ்ணன், 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆடவர் பிரிவில் அரையிறுதி வரை முன்னேறினார். அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் ஒரு பழைய புல்தரைக் களம் உண்டு; அந்நாட்டின் முதல் தேசியப் பந்தயம் 1881-இல் அங்கேதான் நடைபெற்றது. பெரும் பந்தயம் பின்னர் வேறிடம் சென்றபோதும், அச்சிறிய களம் தன் புல்லைக் கைவிடவில்லை. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ் 1976, 1980, 1984 ஆகிய ஆண்டுகளில் அங்கு வெற்றி பெற்றார். சென்னை இளைஞரான ராம்குமார் ராமநாதன் 2018-இல் அங்கே இறுதி ஆட்டம் வரை சென்றார்.

இனி, புல்தரைக்கே உரிய ஒரு சிக்கலைக் காண்போம். செம்மண் தரையில் பந்து விழுந்தால் அதன் தடம் பதியும். ஐயம் எழுந்தால் நடுவர் இறங்கிவந்து தடத்தைப் பார்த்து முடிவு கூறலாம். புல்லின்மேல் அத்தகைய தடம் நிற்பதில்லை. பந்து கோட்டிற்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்பது கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடும் உண்மை. பெரிய பந்தயங்களில் இக்குறையைப் பொறிகள் போக்கிவிட்டன. விம்பிள்டனிலும் 2025-ஆம் ஆண்டு முதல் கோட்டு நடுவர்களை விடுத்து மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்துகின்றனர். ஆனால் சிறிய பந்தயங்கள் பலவற்றில் பொறியும் இல்லை. கோட்டு நடுவரும் இல்லை. சில ஆட்டங்களில் நடுவரே இல்லை. அங்கே தன் பக்கத்தில் விழும் பந்தைப் பற்றி ஆடுபவனே தீர்ப்புக் கூறவேண்டும். ஐயம் தோன்றினால் அதன் பயனை எதிரிக்கே வழங்கவேண்டும் என்பது விதி. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருந்து, ஐயத்தின் பயனைத் தன் பகைவனுக்கு அளிக்குமாறு கூறும் இவ்விதி எத்துணை உயர்ந்தது!

இவ்வுயர்வுக்கு எடுத்துக்காட்டாக வாழ்ந்தவர் ஜெர்மனி நாட்டு ஆட்டக்காரர் காட்ஃபிரீடு வான் கிராம். 1935-ஆம் ஆண்டில் விம்பிள்டன் புல்தரையில் டேவிஸ் கோப்பைக்காக அமெரிக்காவோடு இரட்டையர் ஆட்டம் நடைபெற்றது. ஜெர்மானியருக்கு வெற்றிபெற ஒரே ஒரு புள்ளி வேண்டியிருந்தது. விரைந்து வந்த பந்தை வான் கிராம் எட்டி அடிக்க முயன்று தவறினார். அவர் துணைவர் அதனை அடித்துப் புள்ளியை வென்றார். வெற்றி முழக்கம் எழுந்தது. அப்பொழுது வான் கிராம் நடுவரை அணுகி, பந்து தம் மட்டையை இலேசாகத் தொட்டுச் சென்றது என்றார். நடுவரும் அதனைக் காணவில்லை, எதிரிகளும் காணவில்லை. ஆயினும் அவர் உரைத்த உண்மையால் புள்ளி எதிரிகளைச் சேர்ந்தது. ஜெர்மனி அவ்வாட்டத்தில் தோற்றது. தம் குழுவைச் சேர்ந்தோரே கடிந்துகொண்டபோதும் வான் கிராம் தாம் செய்ததற்கு வருந்தவில்லை. அன்று வென்றவர்களின் பெயர்களை அறிந்தோர் இன்று சிலரே. உண்மை கூறித் தோற்றவரின் பெயரோ நிலைத்து நிற்கிறது.

எல்லாரும் வான் கிராம் ஆகிவிடுவதில்லை. இங்கேதான் காண்போரின் கடமை தொடங்குகிறது. சிறிய பந்தயம் ஒன்றில் உள்ளூர் இளைஞன் வெளியூர் இளைஞனோடு ஆடுகிறான் என்று கொள்வோம். வெளியூரான் அடித்த பந்து கோட்டின் விளிம்பில் விழுகிறது. அது உள்ளேதான் விழுந்தது என்பதை உள்ளூரான் அறிவான். அருகில் அமர்ந்த சிலரும் அறிவர். அவன் ஒரு கணம் தயங்குகிறான். அந்நேரத்தில் ஊரார் “வெளியே! வெளியே!” என்று ஆரவாரம் செய்தால், அவன் பொய்யின் பக்கம் சாய்ந்துவிடக்கூடும். அவர்கள் அமைதியாக இருந்தால், அவ்வமைதியே அவனுக்குத் துணையாக நிற்கும். அவன் பந்து நல்லதே என்று ஒப்புக்கொண்டவுடன் அவர்கள் கைதட்டினால், புள்ளியை இழந்தும் அவன் தலைநிமிர்ந்து நிற்பான்.

காண்போன் சாட்சியே அன்றி நடுவன் அல்லன். ஐயம் எழுந்தபோதும் ஆடுவோர் காண்போரைக் கேட்டுத் தீர்ப்புக் கூறுதல் முறையாகாது. ஆதலால் காண்போனின் வலிமை அவன் சொல்லில் இல்லை. அவன் காட்டும் நடுநிலையில்தான் உள்ளது. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது அவன் பேசுவதில்லை. இருக்கையை விட்டு எழுவதில்லை. எதிரியின் தவற்றுக்குக் கைதட்டுவதில்லை. நல்ல ஆட்டம் எப்பக்கத்திலிருந்து வந்தாலும் பாராட்டுகிறான். ஆட்டம் முடிந்தபின் வென்றவனைப் போலவே தோற்றவனையும் வாழ்த்தி அனுப்புகிறான்.

இத்தகைய காண்போன் பெறும் பயனும் சிறிதன்று. 1966-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கொல்கத்தா சவுத் கிளப்பின் புல்தரையில் இந்தியாவும் பிரேசிலும் மோதின. இரு நாடுகளும் இரண்டிரண்டு ஆட்டங்களில் வென்றிருந்தன. கடைசி ஆட்டத்தில் இராமநாதன் கிருஷ்ணன் தாமஸ் கோக் என்பவரை எதிர்த்து ஆடினார். நான்காம் செட்டில் 2–5 எனப் பின்தங்கி, தோல்வியின் விளிம்பில் நின்றார். ஆனால் மனம் தளராமல், பந்துக்குப் பந்து பொறுமையுடன் ஆடி, அச்செட்டையும் அடுத்த செட்டையும் வென்றார். அவ்வெற்றியால் இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றை அடைந்தது. எதிரியின் திறமையையும் உணர்ந்து நோக்கியவனுக்கே அவ்வெற்றியின் முழு உயரமும் தெரிந்திருக்கும். எதிரியை இகழ்ந்து கூச்சலிட்டவனுக்கு அதன் பாதிதான் தெரிந்திருக்கும்.

உத்திரமேரூர்ப் பகுதியில் வாழும் மாணவர் பலர் டென்னிஸ் புல்தரையைக் கண்டிருக்கமாட்டார்கள். ஆனால் அறுவடை முடிந்த வயலிலும், கோடையில் வற்றிய ஏரியிலும், பள்ளித் திடலிலும் சடுகுடு, கைப்பந்து முதலிய ஆட்டங்களைக் கண்டிருப்பார்கள். அங்கும் சுண்ணாம்புக் கோடு உண்டு. கோட்டைத் தொட்டானா, தொடவில்லையா என்னும் ஐயம் உண்டு. உண்மையை ஒப்புக்கொள்ளலாமா, மறைக்கலாமா என்று ஓர் இளைஞன் தயங்கும் நொடியும் உண்டு. அந்நொடியில் அவனைச் சுற்றி நிற்போர் யார் என்பதைப் பொறுத்தே ஆட்டம் சிறக்கும் அல்லது சிறுமையுறும்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குமுன் அவ்வூரில் மத்தியஸ்தர் தம் ஐந்து விரல்களையும் விரித்து ஓலையை ஏற்றார். மத்தியஸ்தர் என்னும் சொல்லுக்கு நடுவில் நிற்பவர் என்பதே பொருள். நடுவர் என்று இன்று நாம் வழங்குவதும் அதுவே. அவர் விரித்த கையை அன்று உற்று நோக்கிய கண்கள் பல. நேர்மை என்பது நடுவர் ஒருவரால் மட்டும் காக்கப்படுவதன்று. அமைதியுடனும் நடுநிலையுடனும் காண்போர் அனைவராலும் காக்கப்படுவதாகும். ஆடுவோர் சிலரே, காண்போர் பலர். ஆகவே, நன்றாக ஆடக் கற்பது போலவே நன்றாகக் காணக் கற்பதும் மாணவர்க்கு இன்றியமையாத கல்வியாகும்.