மறுபயன் நடைக் கருவிகள்: கொடையும் பொருத்தமும்

போரினால் உறுப்பிழந்தோர்க்குச் செயற்கைக் காலும் சக்கர நாற்காலியும் மீண்டும் உழைத்து வாழ்வதற்கான மூலதனமாகும். வளமிக்க நாடுகளில் கழிக்கப்பட்ட கருவிகளைச் செப்பனிட்டுப் போர்ப் பகுதிகளுக்கு அனுப்புதல் சிக்கனமான முறையே. எனினும், அனுப்பிய எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அதன் பயனை அளவிடலாகாது.

அளவு பொருந்தாத நாற்காலி உடலில் புண்ணை உண்டாக்கும். மருத்துவமனைத் தளத்திற்கென அமைந்த சிறு சக்கரம் கரடுமுரடான பாதையில் ஓடாது. உதிரி உறுப்பு கிடைக்காவிடில் கருவி மீண்டும் கழிவுப் பொருளாகிவிடும். பழைய செயற்கைக் காலின் மூட்டும் குழாயும் மறுபயனுக்கு உதவலாம்; எஞ்சிய காலை ஏற்கும் குழிப்பகுதியையோ ஒவ்வொருவருக்கும் தனியே அளவெடுத்துச் செய்தல் வேண்டும். எனவேதான், சக்கர நாற்காலிகள் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், அளவெடுத்தல், பொருத்துதல், பயிற்சி, பராமரிப்பு ஆகியவற்றையும் வழங்கும் பணியின் பகுதிகளாகவே கொண்டுள்ளன.

பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு 1988இல் ஆப்கானிஸ்தானத்தின் காபூல் நகரில் தொடங்கிய மறுவாழ்வுப் பணி இதற்குச் சான்றாகும். அங்குச் செயற்கை உறுப்புகள் உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்டன. ஊனமுற்றோரே பயிற்சி பெற்றுப் பணியாளராயினர்.

ஆகவே, நன்கொடைத் திட்டம் வகுப்போர் கருவிக்கு மட்டுமன்றி, உதிரி உறுப்புகளுக்கும் உள்ளூர்த் தொழிலாளர் பயிற்சிக்கும் நிதி ஒதுக்குதல் இன்றியமையாததாகும்.