மஞ்சள் தடிப்புக்குள் என்ன இருக்கிறது?

நம்பிக்கை: மலை ஏறி இறங்குகிற உடம்புக்குக் கொலஸ்ட்ரோல் வராது. கண்ணிமையில் மஞ்சளாகத் தடித்தால் அது வெறும் தோல் கோளாறு.

உண்மை: விடியமுன் பெரட்டுக்குப் போய், பொழுதுசாயக் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்புகிறவர்கள் இப்படி நினைப்பதில் வியப்பில்லை. உழைப்பு இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதியை உடம்பே செய்துகொள்கிறது; இரத்தத்தில் மிஞ்சுவதை இழுத்தெடுப்பது ஈரல். அந்த ஆற்றல் பிறப்பிலேயே குறைந்திருந்தால், ஒல்லியானவருக்கும் அளவு ஏறும். உலகில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இந்தப் பரம்பரைக் குறை உண்டு. தாய், தகப்பன் இருவர் வழியாகவும் வந்தால் சின்ன வயதிலேயே முழங்கை, முழங்கால், குதிகாலுக்கு மேலே மஞ்சள் கட்டிகள் தோன்றும். மிக அரிதுதான்; சொந்தத்துக்குள் கலியாணம் செய்கிற குடும்பங்களில் வாய்ப்புச் சற்றுக் கூடும்.

இமைத் தடிப்புக்குள்ளும் இந்தக் கட்டிகளுக்குள்ளும் இருப்பது வெறும் கொழுப்பு அல்ல. கிருமிகளை விழுங்கவேண்டிய மெக்ரோபேஜ் என்னும் நோயெதிர்ப்புக் கலங்களும் அங்கே இருக்கின்றன. மற்றக் கலங்கள் போதுமென்றதும் கொலஸ்ட்ரோல் வரும் வாசலை மூடிவிடும். மெக்ரோபேஜுக்கு இன்னொரு வாசலும் உண்டு, எவ்வளவு நிரம்பினாலும் அது மூடாது. இதை 1979இல் காட்டியது பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற ஆய்வாளர்களின் குழு. கொலஸ்ட்ரோல் ஆய்வுக்காக அவ்விருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. விழுங்கிய கொலஸ்ட்ரோலை உடைத்தெறியவும் இக்கலங்களால் முடியாது. இரத்தத்தில் கொலஸ்ட்ரோலைச் சுமந்துசெல்லும் எச்.டி.எல். துகள்களிடம் ஒப்படைத்தால்தான் அது வெளியேறும். இந்த வெளியேற்றம் ஈடுகொடுக்காதபோது மெக்ரோபேஜுகள் ஊதி, நுரைக் கலங்களாகத் தோலில் தங்கிவிடுகின்றன. இதயத்தின் இரத்தக் குழாய்ச் சுவரிலும் இதுவே நடக்கிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நம்பிக்கை: இரத்தப் பரிசோதனை சரியென்றால் பயமில்லை.

உண்மை: இமையில் தடிப்புள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கொலஸ்ட்ரோல் அளவு சரியாகவே இருக்கும். கொப்பன்ஹேகனில் 12,745 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், கொலஸ்ட்ரோல் அளவைக் கழித்துப் பார்த்த பின்னும் இமைத் தடிப்பு உள்ளவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாகவே வந்திருந்தது. ஆகவே பிரஷர், சீனி, புகைத்தல் எல்லாவற்றையும் சேர்த்தே வைத்தியர் பார்க்கவேண்டும்.

நம்பிக்கை: சுண்ணாம்பு தடவினால் உதிரும், பிளேன்டீ குடித்தால் கரையும்.

உண்மை: சுண்ணாம்பு பட்டால் கண்ணே போய்விடலாம். பிளேன்டீயைத் தாராளமாகக் குடியுங்கள், அது நம் சொந்தச் சரக்கு. தடிப்பை மட்டும் அது கரைக்காது. டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ அரச வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள். கட்டி பிள்ளைக்கு என்றால், பெற்றோரும் கூடப்பிறந்தவர்களும் இரத்தம் சோதிக்கவேண்டும்.