நல்ல சேவல் சட்டிக்கு, நோஞ்சான் கூட்டுக்கா?



லயத்துக்குப் பின்னால் நாலு நாட்டுக்கோழி மேய்வது நமக்குப் புதிய காட்சி அல்ல. கோழி வளர்க்கத் தெரியாத குடும்பமும் நம் தோட்டங்களில் குறைவு. ஆனாலும் பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: "முந்தி மாதிரி இப்ப கோழி விருத்தியாகுதில்லைங்க. குஞ்சு சின்னதா வருது, பாதி செத்துப் போகுது."

தீனியும் நோயும் இதற்குக் காரணந்தான். ஆனால் இன்னொரு காரணம் நம் கையிலேயே இருக்கிறது. எந்தக் கோழியை விற்கிறோம், எதை வைத்துக்கொள்கிறோம் என்பதே அது. தீபாவளி வந்தால் எந்தச் சேவலை அறுக்கிறோம்? இருப்பதில் பெரியதை. சாமிக்கு நேர்ந்துவிடுவதும் அதைத்தான். வியாபாரி வந்தால் கொழுத்த பெட்டையைத்தான் கேட்பான். அதற்குத்தான் நல்ல காசு. மிஞ்சுவது நோஞ்சான். அடுத்த குஞ்சுகளுக்கு அதுவே தாயும் தகப்பனும். இப்படி நாலைந்து வருஷம் போனால் கூட்டில் நல்ல கோழி எங்கிருந்து வரும்?

விதை நெல்லைக் குத்தித் தின்னக்கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கோழிக்கும் அதே சட்டந்தான்.

ஏன் நாட்டுக்கோழி?

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் கோழித்தீனி கிடைக்காமல் பெரிய பண்ணைகளே தடுமாறின. முட்டை விலை ஏறியது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்டது. பண்ணை முட்டைக்கோழி விலைத்தீனியை நம்பி வாழ்வது. நாட்டுக்கோழி புழு, பூச்சி, புல், குறுணல், தேங்காய்ப்பூ என்று தானே தேடித் தின்னும். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை, தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை என்பதே அதன் வழக்கம். பண்ணைக் கோழியோடு பார்த்தால் இது குறைவு. ஆனால் நாட்டுக்கோழியிடம் பண்ணைக் கோழியிடம் இல்லாத ஒரு குணம் இருக்கிறது. தானே அடைகிடந்து, தானே குஞ்சு பொரித்து, தானே வளர்க்கும்.

வெள்ளை லெகோன் போன்ற முட்டை இனங்களில் இந்த அடைக்குணம் பெரும்பாலும் போய்விட்டது. முட்டை கூடட்டும் என்று அந்த இனச் சேவலைக் கூட்டில் விட்டால், பிறக்கும் பெட்டைகளில் பல முட்டையிடும், ஆனால் அடைகிடக்காது. அப்புறம் குஞ்சுக்குக் கடைக்குத்தான் போகவேண்டும். லயத்தில் நமக்கு இன்கியுபேட்டர் கிடையாது. பெட்டைக்கோழிதான் நம் இன்கியுபேட்டர்.

மலைக்கு ஏற்ற கோழி

இலங்கை நாட்டுக்கோழியில் பல வகை உண்டு. கழுத்தில் இறகில்லாதது, தலையில் இறகுக் கொண்டை உள்ளது, இறகு சுருண்டது, கால் குட்டையானது என்று பார்த்திருப்பீர்கள். கழுத்தில் இறகில்லாத கோழிக்கு உடம்பிலும் இறகு குறைவு. ஆகவே இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து வெயிலுக்கு அது நன்றாகத் தாங்கும். நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா போன்ற குளிர் மலைகளில் அதுவும் சுருள் இறகுக் கோழியும் கஷ்டப்படும். அங்கே உடம்பை மூடி நெருக்கமாக இறகு உள்ளதே நல்லது. பூ சிறியதாக இருந்தாலும் நல்லதே.

காட்டோரத்தில் காணும் காட்டுக்கோழி வேறு. அது நமது தேசியப் பறவை, சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. அதைப் பிடிக்கவோ அதன் முட்டையை எடுத்து அடைவைக்கவோ கூடாது.

பெட்டையைத் தெரிவு செய்தல்

இரண்டு கோழியை எடுத்துக்கொள்வோம். கறுப்பி 15 முட்டை இட்டது, 10 பொரித்தது, இரண்டு மாதத்தில் மிஞ்சியது 3 குஞ்சு. செம்பி 11 முட்டை இட்டது, 9 பொரித்தது, இரண்டு மாதத்தில் மிஞ்சியது 7 குஞ்சு. எது நல்ல கோழி? முட்டையை மட்டும் எண்ணினால் கறுப்பி. வளர்ந்த குஞ்சை எண்ணினால் செம்பி. நமக்கு வேண்டியது செம்பி.

இதை ஞாபகத்தில் வைத்திருக்க முடியாது. சுவரில் தொங்கும் கலண்டரில் எழுதுங்கள்: அடைவைத்த நாள், வைத்த முட்டை, பொரித்தது, இரண்டு மாதத்தில் மிஞ்சியது. நாலே எண். வீட்டில் படிக்கும் பிள்ளை எழுதித் தரும். நல்ல தாயின் குஞ்சுகளுக்குக் காலில் கலர் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். குஞ்சு வளர வளர நூலைத் தளர்த்திக் கட்டவேண்டும். இல்லாவிட்டால் கால் வெட்டுப்படும்.

உடம்பையும் பாருங்கள். கண் பளிச்சென்று இருக்கவேண்டும். நெஞ்செலும்பும் கால்விரலும் நேராக இருக்கவேண்டும். முட்டையிடும் பெட்டையின் பின்புறத்தில் உள்ள இரண்டு கூர் எலும்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழையும். ஒரு விரல் மட்டும் நுழைந்தால் அது அந்த நேரம் முட்டையிடவில்லை.

சேவலைத் தெரிவு செய்தல்

வீ.பி. தேயிலை நமக்குத் தெரியும். நல்ல கொழுந்து தரும் தாய்ச்செடியைத் தெரிந்து, அதன் கட்டிங்கைத் தவறணையில் வைக்கிறார்கள். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் டி.ஆர்.ஐ. 2025 போன்றவை அப்படித் தெரிந்தெடுக்கப்பட்டவை. சோடைச் செடியில் யாரும் கட்டிங் எடுப்பதில்லை.

ஆனால் கட்டிங் தாய்ச்செடி மாதிரியே வரும், முட்டை அப்படியில்லை. குஞ்சுக்குத் தாய் பாதி, தகப்பன் பாதி. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அந்த ஒரு சேவல்தான் எல்லாக் குஞ்சுக்கும் தகப்பன். சேவல் மோசமானால் எல்லாக் குஞ்சுக்கும் அந்தக் குறை போகும்.

சேவல் முட்டையிடாது, அடைகிடக்காது. அப்படியானால் அதன் குணத்தை எப்படி அறிவது? அதன் தாயைப் பார்த்துத்தான். செம்பி மாதிரித் தாயின் சேவல் குஞ்சுகளில் மூன்று மாதத்தில் நல்லதாக மூன்றை ஒதுக்குங்கள். ஆறு மாதமானதும் அதில் ஒன்றை வித்துக்கு வையுங்கள். மற்ற இரண்டும் பண்டிகைக்கு ஆகட்டும். பிள்ளைகளைக் கொத்த வரும் சேவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இன்னொன்று முக்கியம். ஒரே சேவல் வருஷக்கணக்காக இருந்தால் தன் மகளோடும் பேத்தியோடும் சேரும். அதனால் பொரிப்புக் குறையும், குஞ்சு நோஞ்சானாகும். ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சேவலை மாற்றவேண்டும். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. மேல் டிவிசனில் உள்ளவர் நல்ல சேவலையும் உங்கள் நல்ல சேவலையும் கைமாற்றிக்கொள்ளலாம். வந்த சேவலை இரண்டு வாரம் தனியே வைத்து, நோயில்லை என்று கண்ட பிறகே கூட்டில் விடுங்கள். பழைய சேவலை எடுத்தபின் இரண்டு மூன்று வாரம் வரை அதன் வித்து பெட்டையின் உடம்பில் இருக்கும். அந்த நாட்களில் கிடைக்கும் முட்டை சாப்பாட்டுக்கு. அதன் பின் வருவது அடைக்கு.

அடைவைத்தல்

முட்டையை அன்றன்றைக்கே எடுத்து, கூர்முனை கீழாகக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். கழுவவேண்டாம். பத்து நாளுக்கு மேற்பட்ட முட்டை வேண்டாம். மிகச் சிறியது, மிகப் பெரியது, கோணலானது, வெடித்தது ஆகியவற்றைக் குழம்புக்கு வையுங்கள்.

பழைய கொழுந்துக்கூடையின் அடிப்பாகம் நல்ல அடைக்கூடை. உலர்ந்த புல்லுக்கு அடியில் கொஞ்சம் விறகுச் சாம்பல் தூவினால் பேன் அண்டாது. இருட்டிய பிறகு பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்துக் கோழியைப் படுக்கவிடுங்கள். ஏழாம் நாள் இரவு டோர்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருவுள்ளதில் சிலந்திவலை மாதிரி இரத்த நரம்பு தெரியும். தெளிவாகத் தெரிவது கூமுட்டை, எடுத்துவிடலாம். 21ஆம் நாள் குஞ்சு வரும்.

மேற்கு மலைச்சரிவில் ஜூன், ஜூலை மழையும் காற்றும் குஞ்சைக் கொன்றுவிடும். ஜனவரி கடைசியில் அடைவைத்தால் மழைக்கு முன் குஞ்சு இறகு கட்டிவிடும். பெப்ரவரிப் பனி நாட்களில் தாயையும் குஞ்சையும் விடியற்காலையில் வெளியே விடாதீர்கள். முதல் மூன்று வாரம் குஞ்சைத் தாயோடு கூடைக்குள் வைத்தால் பருந்தும் கீரியும் கொண்டுபோகாது. சூடு காட்டுவதாகக் காம்பராவுக்குள் கரிச்சட்டி வைத்துக்கொண்டு படுக்கவே கூடாது. அந்தப் புகை மனிதரையே கொல்லும். லயத்தில் கண்டபடி வயர் இழுத்து பல்ப் போடுவதும் ஆபத்து. தாயின் சிறகே போதும்.

நோய் வந்தால் தெரிவு எதற்கு?

எவ்வளவு நல்ல கோழியைத் தெரிந்தாலும் ரானிக்கெட் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலியாகும். பச்சைக் கழிச்சல், வாய் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்து முறுகுதல் இதன் அடையாளம். வந்தபின் மருந்தில்லை, முன்கூட்டித் தடுப்பு மருந்து போடவேண்டும். ஒரு குப்பி பல கோழிகளுக்குப் போதும். கலந்துவிட்டால் சில மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும். ஆகவே ஒரு வீட்டுக்காரர் தனியே போடுவதைவிட லயமே சேர்ந்து ஒரே நாளில் போடுவது நல்லது. எந்த வயதில் முதலில் போடுவது, மறுபடி எப்போது என்பதை உங்கள் பகுதி அரசாங்கக் கால்நடை வைத்தியர் சொல்வார்.

நோய்க்கோழியை அவசரமாக அரை விலைக்கு விற்பது அடுத்த லயத்துக்கு நோயை விற்பதாகும். செத்ததைக் கானிலோ ஆற்றிலோ போடாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். மருந்தடித்த மலைக்குக் கோழியை விடாதீர்கள். மருந்துப் பேணியில் தண்ணீர் வைக்காதீர்கள். அடுத்த வீட்டு மரக்கறிப் பாத்திக்கும் வேலி அடைத்துக் கொடுத்தால் சண்டையும் இல்லை.

இந்த மாதம் செய்யவேண்டியவை

1. உங்கள் கோழிகளில் எது அதிகக் குஞ்சை வளர்த்தது என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்யுங்கள். அதை யார் கேட்டாலும் விற்பதில்லை என்று தீர்மானியுங்கள்.

2. கலண்டரில் நாலு எண் எழுதத் தொடங்குங்கள்.

3. உங்கள் சேவல் எந்தத் தாயின் பிள்ளை என்று யோசியுங்கள். தெரியாவிட்டால் அடுத்த சேவலையாவது தெரிந்து வையுங்கள்.

4. லயத்தில் எத்தனை கோழி உண்டு என்று எண்ணி, தடுப்பு மருந்துக்கு நாள் குறியுங்கள்.

நாட்டுக்கோழியின் முட்டை சிறியதுதான். ஆனால் வாரத்துக்கு மூன்று முட்டை ஒரு பிள்ளையின் தட்டில் விழுந்தால், கர்ப்பிணித் தாய்க்கு ஒன்று கிடைத்தால், அது பெரிய காரியம். வேலை நாள் குறைந்த மாதத்தில் இரண்டு விடைக்கோழி விற்றால் கொப்பிக்கும் பென்சிலுக்கும் கடன் வாங்கத் தேவையில்லை. அதற்கு விற்கக்கூடியதை விற்று, வைக்கவேண்டியதை வைக்கத் தெரிந்திருக்கவேண்டும். வரும் தீபாவளிக்குக் கத்தியைத் தீட்டுமுன், "இது செம்பி பெத்த சேவலா?" என்று ஒரு தடவை கேளுங்கள்.