எடை நின்றுவிட்டதா? கஞ்சியையும் பொறையையும் கவனியுங்கள்

எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவர்களைப் பார்ப்பது புதுச்சேரியின் மணப்பட்டு, பாகூர் பக்கத்துக் கிராமங்களிலும் இப்போது அபூர்வம் இல்லை. வயிற்றின் பெரும்பகுதியை எடுத்துவிடும் ஸ்லீவ், வயிற்றைச் சிறிய பையாக்கிச் சிறுகுடலோடு மாற்றி இணைக்கும் பைபாஸ், இரண்டில் எதுவானாலும் முதல் சில மாதங்கள் எடை மளமளவென்று இறங்கும். பிறகு ஒருநாள் தராசு அதே எண்ணில் நின்றுகொள்ளும். உடனே வீட்டில் எல்லாரும் சொல்வது, "சாப்பாட்டை இன்னும் குறை." பெரும்பாலும் அதுதான் தப்பான யோசனை. அந்த நாட்களுக்கான குறிப்புகள் இவை. மருந்து மாத்திரை விஷயங்களை மட்டும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

1. மூன்றாவது வாரத்தை ஒட்டி எடை நிற்பது பலருக்கும் நடப்பது. கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்திருக்கும். ஆபரேஷனை ஒட்டி வயிறு காய்ந்த நாட்களில் இந்தச் சேமிப்பு கரைந்து தண்ணீரும் போய்விடுவதால்தான் அத்தனை வேகம். உடம்பு அதில் கொஞ்சத்தைத் திரும்பச் சேர்க்கும்போது, உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டிருந்தாலும் தராசில் தெரியாது. ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள்.

2. தினமும் தராசில் ஏறாதீர்கள். வாரத்தில் ஒரே நாள், காலையில் கழிவறை போய் வந்தபின், எதுவும் சாப்பிடுமுன், ஒரே தராசு. முதல்நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருந்தால் மறுநாள் எடை கூடித்தான் காட்டும். அது உப்பு பிடித்து வைத்த தண்ணீர். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும், மலச்சிக்கல் உள்ளபோதும் இப்படியே. தையல்கார டேப் ஒன்று வாங்கி இடுப்பு, தொடை, மேல்கை அளவுகளை மாதம் ஒருமுறை காலண்டரிலேயே குறித்து வையுங்கள். எடை நான்கு வாரம் அசையவில்லை, டேப்பும் அசையவில்லை என்றால்தான் எடை உண்மையில் நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

3. எங்கே போய் நிற்கும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 160 சென்டிமீட்டர் உயரம், 110 கிலோ எடை உள்ள ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு, 25 என்றால் அவர் 64 கிலோ இருக்க வேண்டும். ஆக, மிகை எடை 46 கிலோ. ஸ்லீவ் ஆபரேஷனில் இந்த மிகை எடையில் 50 முதல் 70 சதவீதம் வரை குறைவதையே நல்ல பலன் என்கிறார்கள். அப்படியானால் அவர் 78-க்கும் 87-க்கும் இடையில் எங்காவது நிற்பார். 85-இல் நின்றவரிடம் "ஆபரேஷன் தோத்துப்போச்சு" என்று சொல்வது அறியாமை. அவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கியிருக்கிறதா என்று கேளுங்கள்.

4. பெரும்பாலானவர்களுக்கு எடை இறங்குவது 12 முதல் 18 மாதத்தில் முடிந்துவிடும். அதன்பின் கொஞ்சம் ஏறுவதும் வழக்கமே. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி நெடுங்காலம் நடந்த ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் ஓரிரு வருடத்தில் தொட்ட குறைந்த எடையிலிருந்து சற்று ஏறினார்கள். ஆனாலும் பத்து வருடம் கழித்துத் தொடக்க எடையில் சராசரியாக 25 சதவீதம் குறைவாகவே இருந்தார்கள்.

5. 120 கிலோ இருந்தபோது கன்னியக்கோயில் பஸ் நிறுத்தம்வரை நடக்க உடம்பு எரித்த சக்தி, 90 கிலோ ஆனபின் அதே தூரத்துக்குத் தேவைப்படாது. சுமை குறைந்தால் செலவும் குறையும். அதற்கு மேலும் உடம்பு தானாகச் சிக்கனம் பிடிக்கும். அமெரிக்காவில் எடைக் குறைப்பு டிவி போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தபோது, அவர்கள் உடம்பு ஓய்வில் எரித்த சக்தி எதிர்பார்ப்பைவிடத் தினமும் 500 கலோரி அளவுக்குக் குறைவாக இருந்தது. 2016-இல் வெளியான ஆய்வு இது. அவர்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அல்ல, உணவாலும் உடற்பயிற்சியாலும் இளைத்தவர்கள். பட்டினி போட்டால் இந்தச் சிக்கனம் இன்னும் இறுகும், தசையும் கரையும். தசை கரைந்தால் எரியும் சக்தி மேலும் குறையும்.

6. இனி முக்கியமான குறிப்பு. நம் வீடுகளில் ஆபரேஷன் ஆனவருக்கு "லேசாக" ஏதாவது கொடுப்போம்: கஞ்சி, கூழ், இட்லி, ரசம் சாதம், டீயில் நனைத்த பொறை. முதல் ஒரு மாதத்துக்கு, டாக்டர் சொன்ன படிகளில், இளகிய உணவு தேவைதான். ஆனால் ஆறு மாதம் கழித்தும் அது தொடர்ந்தால் எடை நிற்க அதுவே காரணம். கெட்டியான மீனும் பருப்பும் சின்ன வயிற்றில் தங்கி நிற்கும். நாலு வாய்க்கு மேல் இறங்காது. கஞ்சி தங்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். கால் மணி நேரத்தில் இன்னொரு டம்ளருக்கு இடம் இருக்கும். பதினொரு மணி டீக்கடையைப் பாருங்கள்: கல்லு மாதிரி இருக்கும் பொறை டீயில் முக்கிய நொடியில் ஊறிக் குழைந்து, மெல்லாமலே உள்ளே போகிறது. வயிறு நிறைந்ததாகவே தெரியாது. முறுக்கும் மிக்ஸரும் வாயில் மொறுமொறுவென்று இருந்தாலும் உள்ளே போனதும் இதே கதை. நூறு கிராமில் 500 கலோரிக்கு மேல். "நான் ஒண்ணுமே சாப்பிடறதில்லையே" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. தட்டில் சாப்பிட்டதை மட்டும் கணக்கில் வைக்கிறார்கள்.

இதற்குச் செய்ய வேண்டியது எளிது. மூன்று நாள், வாயில் போட்ட எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பேரப்பிள்ளை மிச்சம் வைத்த பிஸ்கட், உப்பு பார்க்க ஊற்றிக்கொண்ட குழம்பு, ஆடி மாதம் கோயிலில் வாங்கிய கூழ், எல்லாம். எங்கே கசிகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

7. கூழும் பழைய சோறும் பிடிக்கும் என்றால் முழுக்க விட வேண்டாம். வாரத்தில் ஒருநாள், அளவாக, கெட்டியாக. தொட்டுக்கொள்ள மோர் மிளகாய் வேண்டாம். அவித்த முட்டையோ வேகவைத்த பயறோ வையுங்கள்.

8. தட்டில் முதலில் புரதம், அடுத்து காய், இடம் இருந்தால் சோறு. நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். கணக்கு இப்படி வரும்: இரண்டு முட்டை 12 கிராம், நூறு கிராம் மீன் சுமார் 20, வெந்த கொண்டைக்கடலை நூறு கிராம் 8, இருநூறு மில்லி பால் 6 அல்லது 7, ஐம்பது கிராம் பனீர் 9. கூட்டினால் 55 அல்லது 56 வரும். மீதிக்கு முட்டை வெள்ளை இரண்டு போதும். ஒரு இட்லியில் இரண்டு கிராம்தான் என்பதையும் இதோடு வைத்துப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கணக்கை டாக்டரிடம் காட்டாமல் பின்பற்றக் கூடாது.

9. கடலோர ஊரில் இருப்பவர்களுக்குப் புரதப் பவுடர் டப்பா கட்டாயம் இல்லை. நெத்திலி, மத்தி, கானாங்கத்தை, சங்கரா எது மலிவாகக் கிடைக்கிறதோ அதைக் குழம்பு வையுங்கள், அல்லது வாழை இலையில் வைத்துத் தோசைக்கல்லில் சுடுங்கள். பொரித்தால் எண்ணெய் ஏறும். முள் எடுத்து, சின்னத் துண்டாகப் பிய்த்து, நன்றாக மென்று, இருபது முப்பது நிமிடத்தில் சாப்பாட்டை முடியுங்கள். குழம்பைச் சோற்றில் நிறைய ஊற்றிப் பிசையாதீர்கள்; ஆறாவது குறிப்பில் சொன்ன வழுக்கல்தான் நடக்கும்.

10. சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். முடித்து அரை மணி நேரம் கழித்து, வாய் வாயாக. ஒரு பாட்டிலை நிரப்பிக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போகவேண்டும்.

11. டீயில் சர்க்கரை: ஒரு கரண்டி 20 கலோரி. நாலு டீ, இரண்டிரண்டு கரண்டி என்றால் 160. பாகூர் வட்டாரம் கரும்பு விளையும் ஊர் என்பதால் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் "நல்லது" என்று நினைக்கிறோம். எடைக் கணக்கில் அவையும் சர்க்கரையே. பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு சாப்பிட்டதும் வியர்த்து, படபடத்து, வயிற்றைக் கலக்கும். பொங்கலன்று ஒரு கரண்டி போதும்.

12. எண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேராக வாணலியில் ஊற்றும் பழக்கத்தை நிறுத்துங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. அன்றைக்கு வேண்டியதைக் காலையிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டால் வீடு முழுக்க நன்மை.

13. நடை மட்டும் போதாது. நடையோடு தசைக்கும் வேலை வேண்டும். கனம் தூக்க டாக்டர் அனுமதி கொடுத்தபின், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு கையிலும் பிடித்துத் தூக்கி இறக்குவது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, வாரம் மூன்று நாள். மணப்பட்டு கடற்கரை மணலில் நடப்பது நல்ல உழைப்பு, மணல் காலை இழுக்கும். முட்டி வலி உள்ளவர்கள் மட்டும் அலை நனைத்த கெட்டி மணலில் நடக்கட்டும். வெயில் ஏறுமுன் வீடு வந்துவிடுங்கள்.

14. ஆண்களுக்கு ஒரு குறிப்பு, அவர்கள் வீட்டுப் பெண்களும் படிக்கலாம். புதுச்சேரியில் சாராயக்கடை சட்டப்படியே நடக்கிறது. முள்ளோடை எல்லைப் பக்கம் மதுக்கடைக்குக் குறைவில்லை. ஒரு கிராம் சாராயச் சத்து 7 கலோரி. அதைவிடப் பெரிய சங்கதி, இந்த ஆபரேஷனுக்குப் பிறகு போதை சீக்கிரம் ஏறும், சிறிய அளவிலேயே ஏறும். முன்பு சாப்பாட்டின்மேல் இருந்த பிடிப்பு குடிக்குத் தாவிய ஆட்களும் உண்டு. எடை நின்றுபோன வருத்தத்தில் தொடங்குவது மிக மோசம். பீடி, சிகரெட்டும் வேண்டாம், தையல் போட்ட இடத்தில் புண் வரும்.

15. விருந்து வீட்டில் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் ஆன புதிதில், "என்னம்மா, கன்னம் ஒட்டிப்போச்சே, உடம்பு சரியில்லையா?" ஒரு வருடம் கழித்து, "அவ்ளோ செலவு பண்ணியும் இவ்ளோதானா?" இரண்டுக்கும் "டாக்டர் கணக்குப்படி சரியா இருக்கு அத்தை" என்று சொல்லிவிட்டு இலையில் பொரியலையும் மீனையும் கேளுங்கள். மாமியார், நாத்தனார் முன்னால் எடையைக் கேட்டுச் சொல்லும் வழக்கத்தை வீட்டுக்காரரும் நிறுத்த வேண்டும்.

16. எடை நின்றுவிட்டது என்று வைட்டமின் மாத்திரையை நிறுத்தாதீர்கள். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை பலருக்கு ஆயுள் முழுக்கத் தேவைப்படும். கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்து விழுங்காதீர்கள், இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். மூன்றாம் நான்காம் மாதத்தில் முடி கொட்டினால் பயம் வேண்டாம், புரதத்தைச் சரிபாருங்கள். முட்டி வலிக்கு மருந்துக்கடையில் புரூஃபன், டைக்ளோஃபினாக் வாங்கிப் போடாதீர்கள். குறிப்பாகப் பைபாஸ் ஆனவர்களுக்கு வயிற்றுப் புண் வரும்.

17. பெண்களுக்கு: எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும், வருடக்கணக்கில் மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கும்கூட. 12 முதல் 18 மாதம் கருவைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். பைபாஸ் ஆனவர்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பாமல் வேறு வழியைக் கேட்டுக்கொள்ளுங்கள். எடை நின்றால் தைராய்டு சோதனையும் ஒருமுறை.

18. எடை குறைக்கும் ஊசிகள் 2025-இலிருந்து நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. ஆபரேஷனுக்குப் பின் எடை ஏறியவர்களுக்கு டாக்டர்கள் அவற்றைத் தருவதும் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் என்று போடுகிற ஊசி இல்லை அது. டீவி விளம்பரப் பொடிகளுக்கும், "கொழுப்பைக் கரைக்கும்" கஷாயங்களுக்கும் பணம் கொடுக்கவே வேண்டாம்.

19. தொடர்ந்து வாந்தி, விழுங்கினால் நெஞ்சில் அடைப்பு, கடும் வயிற்று வலி, காய்ச்சல், கறுப்பாக மலம், இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. வாந்தி சில நாள் நீடித்து, காலில் எரிச்சலோ நடையில் தள்ளாட்டமோ பார்வை இரட்டையாகத் தெரிவதோ வந்தால் பி1 சத்துக் குறைவாக இருக்கலாம். அதற்குக் காத்திருக்கவே கூடாது.

20. மறுபரிசோதனைக்கு ஜிப்மருக்கோ, ஆபரேஷன் செய்த வேறு ஆஸ்பத்திரிக்கோ போகிறபோது, டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய ரத்த ரிப்போர்ட், வாரா வாரம் குறித்த எடை, டேப் அளவு, மூன்று நாள் சாப்பாட்டு நோட்டு, போடும் மாத்திரைகளின் அட்டை, எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். இன்சுலின், ஸ்டீராய்டு, மனநல மாத்திரைகள் சில, எடையைப் பிடித்து வைக்கும். அதனால் வேறு டாக்டர் கொடுத்த அட்டைகளையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். டீ, பொறை எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டுப் போகாதீர்கள். டயட்டீஷியன் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.